மைலோமாவில் நொறுங்கிய முள்ளெலும்பு: சிமென்ட் முதலா, மருந்து முதலா?

4 பிப்ரவரி 2024, காலை 7.10 | கேள்விக்குறி

மல்டிபிள் மைலோமா (மஜ்ஜையின் பிளாஸ்மா செல்களில் வரும் புற்று) என்று மஜ்ஜைப் பரிசோதனையில் உறுதியாகிவிட்ட 61 வயதுக்காரர். டி12 முள்ளெலும்பு (மார்புப் பகுதியின் கடைசி, 12-ஆவது) முன்பக்கம் ஆப்பு போலச் சப்பிக் கிடக்கிறது. உயரத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கியிருக்கிறது. எழுந்து உட்கார்ந்தால் உயிர் போகும் வலி, படுத்தால் குறைகிறது. காலில் பலம் இருக்கிறது, சிறுநீர் தடையில்லை. ஒரு தரப்பு "நொறுங்கிய எலும்புக்குள் சிமென்ட் வைத்தால் மறுநாளே நடக்கலாம்" என்கிறது. இன்னொரு தரப்பு "கீமோ ஆரம்பி, பெல்ட் போடு" என்கிறது. உடைந்தது எலும்பு, ஆகவே எலும்பைச் சரிசெய்வதுதான் முதல் வேலை, கீமோ பிறகு என்பது என் வாதம். தப்பென்றால் சொல்லுங்கள்.

4 பிப்ரவரி, காலை 9.45 | தண்டுவடம்

தப்பு. பாதித் தப்பு என்று சொல்லி மழுப்பவும் முடியாது.

இந்த முறிவில் பார்க்க வேண்டிய வரிசை வேறு. முதலில் நரம்பு: கால் பலம், மரத்துப்போதல், மலம், சிறுநீர். இரண்டாவது சிறுநீரகமும் ரத்தத்தில் கால்சியமும். மூன்றாவது, எலும்பைத் தின்றுகொண்டிருக்கும் நோய்க்கு மருந்து. சிமென்ட் நாலாவது. அவசியமில்லை என்று சொல்லவில்லை, அவசரமில்லை. இரண்டு வாரம் தள்ளி வைக்கிற சிமென்டால் பெரிய நஷ்டம் கிடையாது. இரண்டு வாரம் கவனிக்காமல் விட்ட கிரியாட்டினின் (சிறுநீரகம் கெடுவதைக் காட்டும் ரத்த அளவு) டயாலிசிஸில் கொண்டுபோய் நிறுத்தும்.

வலிக்கு டைக்ளோபினாக் ஊசி போட்டார்களா? அதை முதலில் விசாரியுங்கள். முதுகுவலி என்றதும் நம் ஊரில் கை அந்தப் பெட்டிக்குத்தான் போகிறது. மைலோமா செல்கள் சுரக்கும் லேசான சங்கிலிப் புரதம் (லைட் செயின்) சிறுநீரகக் குழாய்களை ஏற்கெனவே அடைத்துக்கொண்டிருக்கலாம். அதன் மேல் டைக்ளோபினாக், ஐபுபுரூஃபன், அசிக்ளோபினாக் எது போனாலும் கெடுதல்தான். பாராசிட்டமால், போதாவிட்டால் டிரமடால், அதுவும் போதாவிட்டால் மார்பின் வகை. மருத்துவர் நீரைக் கட்டுப்படுத்தச் சொல்லாதவரை நாளுக்கு 3 லிட்டர் தண்ணீர்.

4 பிப்ரவரி, பகல் 12.20 | மஜ்ஜை

மேலே சொன்னதோடு ஒரு கணக்கு. கால்சியம் 10.4 என்று தாளில் வந்தால் "நார்மல்தானே" என்று விட்டுவிடுகிறார்கள். அல்புமினைப் பாருங்கள். 2.6 இருந்தால், 4-இலிருந்து 2.6 போக 1.4. அதை 0.8-ஆல் பெருக்கினால் 1.12. கூட்டினால் 11.52. கால்சியம் 11-ஐத் தாண்டினாலே மைலோமா உறுப்புகளைக் கெடுத்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிற அளவு அது. மலச்சிக்கல், அடங்காத தாகம், குழப்பமான பேச்சு இருந்தால் வலி மாத்திரை மயக்கம் என்று நினைத்து விடாதீர்கள்.

நோய் உறுதியாகாதவர்களுக்காகவும் இதை இங்கே போட்டு வைக்கிறேன். 50 தாண்டியவர், தொடர்ந்து முதுகுவலி, ஹீமோகுளோபின் 9, ஈஎஸ்ஆர் (ரத்தச் சிவப்பணு படியும் வேகம்) 100-க்கு மேல், மொத்தப் புரதம் 10, அதில் அல்புமின் மூன்றுக்குக் கீழே. இவ்வளவும் சாதாரண லேபில் சில நூறு ரூபாய்க்குள் தெரிந்துவிடும். "ஜவ்வு விலகல்" என்று ஆறு மாதம் டிராக்ஷன் போட்டு ஓட்டுவதற்கு முன்னால் இதைப் பார்த்திருக்கலாம்.

4 பிப்ரவரி, பகல் 12.41 | மஜ்ஜை

என் குறிப்புக்கு நானே ஒரு திருத்தம். மொத்தப் புரதம் ஏறாத மைலோமாவும் உண்டு. லேசான சங்கிலி மட்டும் சுரக்கிற வகையில் அது சிறுநீரில் வடிந்துவிடும். ரத்தத்தில் புரதம் சாதாரணமாக, சில சமயம் குறைவாகக்கூட இருக்கும். சிறுநீரில் முக்கிப் பார்க்கிற பட்டைக் குச்சியும் அல்புமினைத்தான் காட்டும், இதைக் காட்டாது. இந்தப் புரதங்களைத் தேடும் ரத்தப் பரிசோதனைகளான சீரம் எலெக்ட்ரோபோரெசிஸ், இம்யூனோபிக்சேஷன், ஃப்ரீ லைட் செயின் மூன்றையும் சேர்த்துக் கேட்டால்தான் வலை முழுசாக விரியும்.

5 பிப்ரவரி, காலை 6.55 | பட அறை

எக்ஸ்ரேயை நம்பிக் காத்திருப்பவர்களுக்கு: எலும்பின் தாது 30 முதல் 50 விழுக்காடு போன பிறகுதான் எக்ஸ்ரேயில் ஓட்டை தெரியும். அதுவரை "தேய்மானம்" என்றே அறிக்கை வரும். குறைந்த கதிர்வீச்சில் உடல் முழுக்க எடுக்கும் சிடி, எம்ஆர்ஐ, பெட் ஸ்கேன், இந்த மூன்றில் கைக்கு எட்டியதைப் பாருங்கள். டெக்னீஷியம் எலும்பு ஸ்கேன் வேண்டாம். அது புது எலும்பு கட்டும் இடத்தில்தான் ஒளிரும். மைலோமா டிகேகே1, ஸ்கிலிரோஸ்டின் போன்ற புரதங்களால் எலும்பு கட்டும் செல்களையே முடக்கிவிடுகிறது. இடிப்பவன் மட்டும் வேலை செய்கிற மனையில் கொத்தனாரைத் தேடினால் எப்படிக் கிடைப்பான்? எலும்பு கட்டும்போது ரத்தத்தில் ஏறும் அல்கலைன் பாஸ்படேஸ் சாதாரணமாக இருப்பதும் பெரும்பாலும் இதனால்தான்.

நம் நாட்டில் இன்னொரு சிக்கல் காசநோய். முள்ளெலும்பு இடிந்தது, ஈஎஸ்ஆர் அதிகம் என்றதும் காசநோய் மருந்தை ஆரம்பித்துவிடுவார்கள். எம்ஆர்ஐயில் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டை (டிஸ்க்) பாருங்கள். காசநோய் வட்டை ஒட்டிய விளிம்பில் தொடங்கி வட்டையும் அழித்து அடுத்த எலும்புக்குத் தாவும், பக்கத்தில் சீழ் கட்டும். மைலோமா எலும்பை நொறுக்கினாலும் வட்டைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். இது வழிகாட்டிதான், தீர்ப்பு இல்லை. திசு எடுத்துப் பார்க்காமல் இரண்டு பக்கமும் மருந்து தொடங்கக் கூடாது.

வேறு புற்று பரவியதா, மைலோமாவா என்பதற்கு ஒரு பழைய குறிப்பு. முன்னாலிருந்து எடுத்த எக்ஸ்ரேயில் இரண்டு பெடிக்கிளும் (முள்ளெலும்பின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இணைக்கும் காம்புகள்) இரண்டு கண் மாதிரி தெரியும். பரவிய புற்று ஒன்றைச் சீக்கிரமே தின்றுவிடும். ஆந்தை ஒற்றைக் கண்ணை மூடியது போலிருக்கும். மைலோமாவில் ஆந்தை ரொம்ப நாள் இரண்டு கண்ணையும் திறந்தே வைத்திருக்கும். முற்றின பிறகு அதுவும் தூங்கிவிடும், எனவே ஆந்தையை மட்டும் நம்ப வேண்டாம்.

5 பிப்ரவரி, இரவு 8.30 | கேள்விக்குறி

சரி, வரிசையை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஸ்திரத்தன்மைக்கு ஒரு மதிப்பெண் முறை இருக்கிறதாமே, சின்ஸ் என்று. போட்டுப் பார்த்தேன். இடம் டி12, அதற்கு 3. அசைந்தால் வலி, 3. எலும்பு கரைந்த வகை, 2. நேர்கோடு, 0. பாதிக்குக் குறைவாகச் சப்பியது, 2. பின்பக்கம் பாதிப்பில்லை, 0. மொத்தம் 10. 7 முதல் 12 வரை "நிலையிழக்கக்கூடும்". அப்படியானால் அறுவை செய்து ஆணி போட்டு முதுகெலும்பை நிறுத்த வேண்டாமா?

5 பிப்ரவரி, இரவு 9.05 | பட அறை

முன்பக்கம் ஆப்பு மாதிரி சப்பியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். புதிதாகக் கூன் விழுந்திருந்தால் நேர்கோட்டுக்கு 2 போடவேண்டும். அப்போது 12. நிற்க வைத்து எடுத்த எக்ஸ்ரேயில்தான் அது சரியாகத் தெரியும். படுக்க வைத்து எடுக்கும் எம்ஆர்ஐயில் கூன் நிமிர்ந்து ஒளிந்துகொள்ளும்.

6 பிப்ரவரி, காலை 7.00 | தண்டுவடம்

12 என்றே வைத்துக்கொள்வோம். ஆணி வேண்டாம்.

இந்த மதிப்பெண் 2010இல் வந்தது, முதுகெலும்பில் புற்றுள்ள எல்லோருக்குமாகச் செய்தது. 7 அல்லது அதற்கு மேல் என்றால் "முதுகெலும்பு அறுவை மருத்துவரிடம் காட்டு" என்று அர்த்தம், "அறு" என்று அர்த்தமில்லை. மைலோமாவில் அநேகமாக எல்லா முறிவுமே கரைந்த வகைதான், அதற்கே 2 விழுந்துவிடும். நொறுங்குவதும் மார்பும் இடுப்பும் சேருகிற டி11, டி12, எல்1 பக்கமே அதிகம், அதற்கு 3. கால் வைக்கும் முன்பே 5 ஏறிவிடுகிறது. மற்ற புற்றுகளுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்று: மைலோமா மருந்துக்கும் கதிர்வீச்சுக்கும் சீக்கிரம் மசியும். வலி வாரக் கணக்கில் குறையும், எலும்பும் மாதங்களில் ஓரளவு இறுகும்.

ஆணி போடுவதிலும் தொல்லை. உளுத்த மரத்தில் திருகாணி நிற்குமா? பெடிக்கிள் திருகு பிடுங்கிக்கொண்டு வரும். சிமென்ட் செலுத்தி நிறுத்த வேண்டியிருக்கும். ஸ்டீராய்டில் இருப்பவருக்குக் காயம் ஆறுவது தாமதம், கீமோவும் தள்ளிப்போகும். வெறும் லாமினெக்டமி அதைவிட மோசம். முன்பக்கத் தூண் நொறுங்கிக் கிடக்கையில் பின்பக்கத்தையும் வெட்டி எடுத்தால் கூன் கூடும். எலும்புத் துண்டே தண்டுவடத்தை அழுத்தினாலோ, நிஜமாகவே எலும்பு நழுவினாலோ மட்டும் ஆணி.

6 பிப்ரவரி, காலை 7.20 | தண்டுவடம்

நரம்பு என்று முதல் குறிப்பில் ஒற்றை வார்த்தையில் போய்விட்டேன். விரித்துச் சொல்ல வேண்டியது அதுதான்.

அசைந்தால் வலித்து, படுத்தால் குறைவது முறிவின் வலி. படுத்தால் கூடுகிற, ராத்திரி எழுப்புகிற, மார்பைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்குவது போன்ற வலி வேறு. கால் தடுமாற்றம், மாடிப்படி ஏறமுடியாமை, செருப்பு கழன்றது தெரியாமை, சிறுநீர் கழிக்க முக்குவது: இவற்றில் ஒன்று புதிதாக வந்தாலும் மறுநாள் ஓ.பி.க்காகக் காத்திருக்கக் கூடாது. அன்றே அவசரப் பிரிவு, முதுகெலும்பு முழுக்க எம்ஆர்ஐ. வலிக்கும் இடத்தை மட்டும் எடுத்தால் மேலே இன்னோர் அழுத்தம் தப்பிவிடும்.

தண்டுவடம் அழுத்தப்பட்டிருந்தால் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு நாளுக்கு 16 மி.கி., இரைப்பைக்குப் பாதுகாப்பு மாத்திரையோடு, சர்க்கரையைப் பார்த்துக்கொண்டு. கட்டிச் சதை அழுத்துகிறது என்றால் கதிர்வீச்சு. ஜனங்கள் "கரண்ட் வைப்பது" என்கிறார்களே, அது. 10 தவணையில் 30 கிரே வழக்கம். நடந்து வந்தவர் பெரும்பாலும் நடந்தே போவார். ஸ்ட்ரெச்சரில் வந்தவருக்கு அந்த உறுதி கிடையாது.

போர்டெசொமிப் என்ற மைலோமா மருந்து போட்டுக்கொண்டிருப்பவர் பாதம் மரத்தால் "அது மருந்தால்தான்" என்று தள்ளிவிடும் ஆபத்து உண்டு. மருந்தின் மரப்பு இரண்டு பாதத்திலும் நுனியிலிருந்து மெல்ல ஏறும். வயிற்றில் கோடு போட்டதுபோல அதற்குக் கீழே உணர்ச்சி குறைவது மருந்தால் வருவதல்ல.

6 பிப்ரவரி, மாலை 5.15 | மஜ்ஜை

கரண்ட் பற்றி ஒரு வேண்டுகோள். நரம்பழுத்தம் இல்லாமல் வலிக்கு மட்டும் என்றால் ஒரே தவணை 8 கிரே பல சமயம் போதும். தேவையில்லாமல் நீளமாக முதுகு முழுக்க வைத்துவிட்டால் மஜ்ஜை வற்றி, பிறகு ஸ்டெம் செல் எடுக்கும்போது பை நிறையாது. ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைக்குப் போகக்கூடியவர் என்றால் கதிர்வீச்சு மருத்துவரிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

8 பிப்ரவரி, காலை 10.10 | தண்டுவடம்

இனி சிமென்ட். பலருக்கும் அதுதானே ஆசை.

ஆள் குப்புறப் படுத்திருக்க, இரண்டு கோணத்தில் எக்ஸ்ரே பார்த்தபடி பெடிக்கிள் வழியாக ஊசி உள்ளே போகும். நேராகச் சிமென்டைச் செலுத்தினால் வெர்டிப்ரோபிளாஸ்டி. பலூனை ஊதி இடம் பண்ணிவிட்டுச் செலுத்தினால் கைஃபோபிளாஸ்டி. 1984இல் பிரான்ஸின் அமியென் நகரில் கழுத்தெலும்புக் கட்டி ஒன்றுக்குத்தான் முதன்முதலில் செய்தார்கள்.

சிமென்ட் என்றால் பிஎம்எம்ஏ, பொடியும் திரவமும் கலந்த பசை. படத்தில் தெரியப் பேரியம் சேர்ப்பார்கள். கலந்த உடனே செலுத்தினால் தண்ணியாக ஓடிச் சிரைக்குள் புகுந்து நுரையீரல்வரை போகும். பற்பசைப் பதம் வரவேண்டும். தாமதித்தால் ஊசிக்குள்ளேயே கல்லாகும். சூட்டில் சீக்கிரம் இறுகும் சமாச்சாரம் இது. ஏசி சரியாக ஓடாத தியேட்டரில் கிடைக்கும் அவகாசம் இன்னும் குறைவு. இடுப்புப் பக்க முள்ளெலும்புக்கு 3, 4 மி.லி. போதும். நிரப்புவது நோக்கமல்ல. எலும்பின் பின்பக்க மூன்றில் ஒரு பங்கைப் பசை எட்டினால் நிறுத்திவிட வேண்டும், அதற்கு அப்பால் தண்டுவடம். ஒரே அமர்வில் மூன்று எலும்புக்கு மேல் போவதில்லை.

ஊசி உள்ளே போன கையோடு துளி எலும்பை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புங்கள். "வயதானவர், தேய்மான முறிவு" என்று பூசி அனுப்பிய இடங்களில் பிளாஸ்மா செல் கூட்டம் இருந்து, யாரும் பார்க்காததால் தெரியாமல் போவது உண்டு. ஊசி எப்படியும் உள்ளே போகிறது. எடுத்து அனுப்ப ஐந்து நிமிஷம்.

யாருக்கு வேண்டாம்: காய்ச்சல், கிருமித்தொற்று உள்ளவர், தட்டணு 50,000-க்குக் கீழே, ரத்தம் உறையாமை சரிசெய்யப்படாதவர், கட்டி தண்டுவடத்தை அழுத்துகிறவர். எம்ஆர்ஐயில் அந்த எலும்பில் நீர்க்கோப்பு இல்லை என்றால் அது பழைய, ஆறிப்போன முறிவு, பூசிப் பயனில்லை. படத்தில் ஐந்து எலும்பு சப்பியிருக்கும், வலிப்பது ஒன்றாக இருக்கும். விரலால் தட்டி அந்த ஒன்றைக் கண்டுபிடிப்பது ஸ்கேனைவிட முக்கியம்.

8 பிப்ரவரி, பகல் 1.00 | கேள்விக்குறி

சிமென்டால் பயனே இல்லை என்று 2009இல் பெரிய ஆய்வு வந்ததாமே?

8 பிப்ரவரி, பகல் 2.25 | தண்டுவடம்

வந்தது, இரண்டு. பொய்ச் சிகிச்சையோடு ஒப்பிட்டார்கள், வெர்டிப்ரோபிளாஸ்டி ஜெயிக்கவில்லை. ஆனால் அவை எலும்புத் தேய்மான முறிவுகள். புற்று நோயாளிகளிடம் 2011இல் லான்செட் ஆங்காலஜியில் வந்த கேஃப் ஆய்வு வேறு: மைலோமா உட்பட 134 பேர். முதுகுவலியால் முடங்கிய அளவைச் சொல்லும் 24 மதிப்பெண் அளவுகோலில், பலூன் சிகிச்சை பெற்றவர்கள் ஒரே மாதத்தில் 17.6-இலிருந்து 9.1-க்கு வந்தார்கள். மற்றவர்கள் 18.2, மாதம் கழித்து 18.0. பொய்ச் சிகிச்சை வைத்து ஒப்பிடவில்லை என்பது அதன் ஓட்டை. இருந்தாலும் மார்பினிலும் உட்கார முடியாதவருக்கு இதைவிடச் சீக்கிரம் வேலை செய்வது கையில் வேறொன்றுமில்லை.

முதல் நாள் "நாலாவது" என்று எழுதியதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். மருந்து தொடங்கிய பிறகு செய்யவேண்டும் என்று கட்டாயமில்லை. நரம்பும் கிரியாட்டினினும் கால்சியமும் பார்த்தாகிவிட்டது, வலி தாங்கவில்லை என்றால் முதல் சுற்று மருந்தோடு சேர்த்தே செய்யலாம். மருந்தை நிறுத்திவைத்துவிட்டுச் செய்யாதீர்கள், அவ்வளவுதான்.

11 பிப்ரவரி, காலை 6.30 | பிசியோ

பெல்ட் பெல்ட் என்கிறீர்களே, எந்த பெல்ட்? மருந்துக்கடையில் கிடைக்கும் இடுப்பு பெல்ட் டி12-ஐத் தொடவே தொடாது. வயிற்றைப் பிடிக்கும், அவ்வளவே. டி12, எல்1-க்கு மார்பெலும்பில் ஒன்று, இடுப்பெலும்பு முன்னால் ஒன்று, முதுகில் ஒன்று என மூன்று இடத்தில் அழுத்தி நிமிர்த்துகிற ஆஷ் பிரேஸ், அல்லது டெய்லர் பிரேஸ். பின்பக்கமும் பாதித்திருந்தால் உடம்புக்கு அளவெடுத்துச் செய்யும் டிஎல்எஸ்ஓ. மார்பின் மேல்பகுதி என்றால் இவை எதுவும் சரிவராது. படுத்திருக்கும்போதே மாட்டிவிட்டு எழ வேண்டும். எழுந்து நின்று மாட்டினால் அதற்குள் முதுகு வளைந்துவிட்டது. பனியன்மேல் போடுங்கள், நம் வெயிலில் வெறும் தோலில் போட்டால் ஒரே வாரத்தில் புண். 6 முதல் 12 வாரம் வழக்கம். அதற்குமேல் நீண்டால் முதுகுத் தசை சோர்ந்துபோகும்.

எழும்போது நேராக எழக் கூடாது. முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாக உருண்டு ஒருக்களித்து, காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி எழ வேண்டும். பாய் வேண்டாம், கட்டில். தரையில் சம்மணம், இந்திய பாணிக் கழிவறை, குனிந்து கோலம், விளக்குமாறு, தண்ணீர்க் குடம், டூவீலர் பின் சீட்டில் வேகத்தடை: எல்லாமே டி12-க்கு எதிரிகள். வேகத்தடைதான் முதல் எதிரி.

படுக்கையிலேயே கிடப்பதும் தீர்வு அல்ல. மைலோமாவுக்கு லெனலிடோமைடும் டெக்சாவும் (டெக்சாமெத்தசோன்) எடுப்பவருக்குக் காலில் ரத்தம் உறைகிற அபாயம் ஏற்கெனவே உண்டு. பிரேஸ் போட்டு நாளுக்கு நாலைந்து தரம் சின்ன நடை.

மசாஜ், நெட்டி முறிப்பது, எண்ணெய்க் கட்டு, "எலும்பு விலகியதைத் தட்டி உட்காரவைப்பது" எதுவும் கூடாது. இங்கே விலகவில்லை, உள்ளே காலியாகிவிட்டது. தட்டினால் இடியும்.

11 பிப்ரவரி, காலை 8.10 | மஜ்ஜை

ஆஹா, தரையில் உட்காரக் கூடாது என்று யார் வீட்டுப் பாட்டியிடம் யார் சொல்வது?

எலும்பு அரிப்பைத் தடுக்கும் ஊசி பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை. சோலெட்ரோனிக் ஆசிட் 4 மி.கி., 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, குறைந்தது 15 நிமிஷம் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு ஐந்து நிமிஷத்தில் இறக்கினால் சிறுநீரகம் பழிவாங்கும். கிரியாட்டினின் கிளியரன்ஸ் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) 50 முதல் 60 என்றால் 3.5, 40 முதல் 49 என்றால் 3.3, 30 முதல் 39 என்றால் 3 மி.கி., 30-க்குக் கீழே வேண்டாம். ஒவ்வொரு முறையும் போடுவதற்கு முன் கிரியாட்டினின். முதல் ஊசிக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் காய்ச்சல், உடம்புவலி வரலாம். பயப்பட வேண்டாம், பாராசிட்டமால் போதும். ஆனால் கீமோவில் இருப்பவருக்குக் காய்ச்சல் என்றால் வெள்ளணு எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு அப்புறம் "ஊசிக் காய்ச்சல்" என்று சொல்லுங்கள்.

பல் மருத்துவரை முதல் ஊசிக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். பிடுங்க வேண்டிய பல்லை அப்போதே பிடுங்கி, ஈறு மூடிய பிறகு ஊசி. ஊசி நடுவில் பல் பிடுங்கினால் தாடையெலும்பு ஆறாமல் வெளியே தெரிகிற நிலை வரலாம். சிறுநீரகம் மோசம் என்றால் டெனோசுமாப் 120 மி.கி., நாலு வாரத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில். அது சிறுநீரகத்தைத் தொடாது, ஒரு கவலையும் இல்லை.

11 பிப்ரவரி, இரவு 9.40 | மஜ்ஜை

"ஒரு கவலையும் இல்லை" என்று எழுதியது அபத்தம், வாபஸ். சிறுநீரகம் கெட்டவருக்குத்தான் டெனோசுமாபில் கால்சியம் திடீரென்று அடிமட்டத்துக்கு இறங்கும். வைட்டமின் டி அளவைச் சரிசெய்து, கால்சியம் மாத்திரை தொடங்கிவிட்டுப் போடவேண்டும். முதல் சில வாரம் கால்சியத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். தாடைப் பிரச்சினையும் அதற்கு உண்டு.

இன்னொரு குழி: பெட்டியில் உள்ள எண். டெனோசுமாப் 60 மி.கி. ஊசி எலும்புத் தேய்மானத்துக்கு, ஆறு மாதத்துக்கு ஒன்று. மைலோமாவுக்கு 120. சோலெட்ரோனிக்கிலும் அப்படியே, வருஷத்துக்கு ஒன்று போடுகிற 5 மி.கி. தேய்மானத்துக்கு. மருந்துக்கடையில் "அதே மருந்துதான் சார்" என்று மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

13 பிப்ரவரி, இரவு 10.50 | பட அறை

கொஞ்சம் தடம் மாறுகிறேன். இந்த நோயில் முறிவு எவ்வளவு பழைய கதை என்றால், 1844இல் லண்டன் மளிகைக்கடைக்காரர் தாமஸ் அலெக்சாண்டர் மெக்பீன் விடுமுறையில் ஒரு நிலவறையிலிருந்து தாவி ஏறும்போது மார்பில் ஏதோ முறிந்ததுபோல உணர்ந்தார். சூடாக்கினால் கட்டிப்பட்டுக் கரைந்து, ஆறினால் மறுபடி கட்டிப்படுகிற அவருடைய சிறுநீர்தான் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற மருத்துவர் கைக்குப் போனது. மெக்பீன் 1846 ஜனவரி 1 அன்று இறந்தார். பிரேதப் பரிசோதனையில் விலா எலும்பும் முள்ளெலும்பும் மெத்தென்று நொறுங்கின. அதே 1844இல் இதே நோய் கண்ட சாரா நியூபரி என்ற பெண்ணுக்கு ஆரஞ்சுத் தோல் கஷாயமும் ருபார்ப் மாத்திரையும் கொடுத்தார்கள்.

13 பிப்ரவரி, இரவு 11.02 | பிசியோ

டைக்ளோபினாக்குக்கு ஆரஞ்சுத் தோல் கஷாயம் தேவலை.

20 ஜூலை 2024, காலை 8.00 | கேள்விக்குறி

இழையை மறுபடி மேலே கொண்டுவருகிறேன். மருந்து நாலு சுற்று முடிந்தது. ரத்தத்தில் எம் புரதம் (மைலோமா செல்கள் சுரக்கும் புரதம்) 90 விழுக்காட்டுக்கு மேல் இறங்கிவிட்டது. சிமென்ட் வைக்காமலே டி12 வலி அடங்கியது. ஆனால் புது சிடியில் பழைய ஓட்டை எல்லாம் அப்படியே இருக்கிறது, எல்3 (இடுப்புப் பகுதியின் மூன்றாவது முள்ளெலும்பு) புதிதாகச் சப்பியிருக்கிறது. நோய் திரும்பிவிட்டதா?

20 ஜூலை, காலை 9.30 | மஜ்ஜை

அந்த இரண்டை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ஓட்டை மூடாது, செல்கள் போன பிறகும் பள்ளம் பள்ளமாகவே இருக்கும். அதில் உயிர் இருக்கிறதா என்பதற்குப் பெட் ஸ்கேன்.

எல்3 விஷயத்தில், புது அமுக்க முறிவு மட்டும் வந்தால் நோய் முற்றியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சர்வதேச மைலோமா பணிக்குழுவின் அளவுகோலே சொல்கிறது. நோய் அடங்கியபோது எலும்பு ஏற்கெனவே இளைத்திருந்தது, எழுந்து நடமாடத் தொடங்கியதும் பாரம் தாங்கவில்லை. டெக்சாவும் தன் பங்குக்கு அரித்திருக்கும். எம் புரதம், லைட் செயின் இரண்டும் ஏறாமல், எல்3-இல் புதுக் கட்டிச் சதை இல்லாமல் இருந்தால் மருந்தை மாற்ற வேண்டியதில்லை. பிரேஸ் மறுபடி.

20 ஜூலை, பகல் 12.15 | தண்டுவடம்

பிரேஸை மாற்றுங்கள். டி12-க்கு எடுத்த ஆஷ் பிரேஸ் எல்3-க்குச் சரிவராது. பிசியோ அக்கா வந்து சொல்வார். மூன்று, நாலு வாரத்தில் வலி குறையாவிட்டால் எம்ஆர்ஐயில் நீர்க்கோப்பு பார்த்துவிட்டு இந்த எல்3-க்குச் சிமென்ட் யோசிக்கலாம். இப்போது தட்டணு எவ்வளவு?

20 ஜூலை, பகல் 12.40 | கேள்விக்குறி

1,40,000. எலும்பு ஊசியில் ஒரு சந்தேகம். டெனோசுமாப் போய்க்கொண்டிருக்கிறது. செலவு கட்டுப்படியாகவில்லை, நிறுத்திவிடலாமா என்கிறார்கள்.

20 ஜூலை, பகல் 1.05 | மஜ்ஜை

சும்மா நிறுத்தாதீர்கள். சோலெட்ரோனிக் எலும்பிலேயே தங்கும், டெனோசுமாப் தங்காது. நிறுத்தினால் அடக்கி வைத்திருந்த அரிப்பு பாய்ந்து வந்து, ஒரே சமயத்தில் பல முள்ளெலும்பு நொறுங்கலாம். கடைசி ஊசியிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஒரு சோலெட்ரோனிக் போட்டு அதை அடைக்க வேண்டும். கிளியரன்ஸ் இப்போது 30-க்கு மேல் ஏறியிருந்தால் நேராகச் சோலெட்ரோனிக்குக்கு மாறிவிடலாம், விலையும் மிகக் குறைவு. 12 வாரத்துக்கு ஒருமுறை போட்டாலும் எலும்புச் சம்பவங்கள் கூடவில்லை என்று மைலோமா நோயாளிகளையும் சேர்த்துச் செய்த ஆய்வு 2017இல் வந்தது. ஆனால் புது முறிவு இருக்கும்போது இடைவெளியை நீட்ட வேண்டாம், இந்த வருஷம் மாதாமாதம் போகட்டும்.

கிரியாட்டினின் எண்ணையும், பல்லில் ஏதாவது வேலை பாக்கி இருக்கிறதா என்பதையும் இங்கே போடுங்கள்.

20 ஜூலை, மாலை 6.20 | பிசியோ

எல்3-க்கு இடுப்பு பெல்ட் போதும், அதிலும் உள்ளே பட்டைக்கம்பி வைத்த உயரமான வகை. பிப்ரவரியில் நான் திட்டிய அதே கடை பெல்ட்தான், இப்போது மட்டும் வாங்கலாம்.